ஊத நினைத்த நொடி

டெய்லர் கேட்டார்:
"காலேஜ்ல ஜெயில் நாடகமா?"
கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக
ஒன்றரை மீட்டர் துணி.
ரெஃப்ரி சட்டை என்றேன்.
எந்த ஆட்டத்துக்கு?
ஐஸ் ஹாக்கி.
கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுக்காமலே
ஒருமுறை தெருவின் வெயிலைப் பார்த்தார்,
ஒருமுறை என்னை.
கொஞ்சம் லூஸாகத் தையுங்கள்,
உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போடணும் என்றேன்.
மே மாதம்.

ஐஸ் ஹவுஸ் பக்கம் பிறந்தவள் நான்.
பெயரில்தான் ஐஸ்;
மற்றபடி உப்புக்காற்று, மீன் வண்டி,
தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடும் குடங்கள்.

விதிப்புத்தகத்தைப் பறக்கும் ரயிலில் படித்தேன்,
திருவல்லிக்கேணியிலிருந்து வேளச்சேரி வரை.
சைகைகள் கைக்குப் பழக வேண்டும்:
மணிக்கட்டைப் பற்றினால், ஆளைப் பிடித்து நிறுத்தியது.
முழங்காலுக்குக் கீழே தட்டினால், காலை வாரியது.
இரு கையாலும் காற்றை இழுத்தால், குச்சியால் கொக்கி போட்டது.
மந்தைவெளியில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண்மணி
கிரீன்வேஸ் சாலையில் எழுந்து
வேறு இருக்கை பார்த்துக்கொண்டார்.

மாலின் மூன்றாவது மாடி, ஃபுட் கோர்ட்டுக்குப் பின்புறம்,
முழு அளவில் கால்வாசிகூட இல்லாத பனித்தளம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பரோட்டா பிய்க்கிறார்கள்.
இந்தப் பக்கம் பத்து வயதுக்கு உட்பட்ட எட்டுப் பேர்,
ஹெல்மெட்டுக்குள் மூக்கு மட்டும் சிவந்து.
ரோலர் ஸ்கேட்டில் புலிகள்;
பனியில் நின்றாலே விழுகிறார்கள்.
எனக்குப் பதினேழு வயது.
ஆட்டத்துக்கு நானூறு ரூபாய்.
என் முதல் சம்பளம் குளிரில் வருகிறது.

இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று.
கோலுக்கு முன்னால் ஒரே குவியல்:
குச்சி, முழங்கால், கோல்கீப்பரின் பெரிய மெத்தைக் கால்கள்.
பக் எங்கே?
காணோம்.
காணாவிட்டால் ஊத வேண்டும், அவ்வளவுதான் விதி.
ஊத நினைத்தேன்.
உதடு மரத்திருந்தது.
மூச்சு வருவதற்குள்
எங்கிருந்தோ நுழைந்த இதழினியின் குச்சி
ஒரு குத்துக் குத்த,
வலை ஆடியது.
பிறகுதான் விசில்.

அவள் துள்ளினாள், விழுந்தாள்,
படுத்தபடியே கொண்டாடினாள்.
நான் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசினேன்:
கோல் இல்லை.

"விசிலுக்கு முன்னாடியே உள்ள போச்சு.
வீடியோ இருக்கு."
அவள் அப்பா, கண்ணாடிமேல் போனை ஒட்டிக் காட்டினார்.
வீடியோ பொய் சொல்லவில்லை.
நானும் மனப்பாடமாகச் சொன்னேன்:
சார், ஒலி வந்த நொடி கணக்கில்லை,
நடுவர் ஊதத் தீர்மானித்த நொடியே ஆட்டம் நின்றுவிட்டது.
அவர் சிரித்துவிட்டார்.
"நீ மனசுக்குள்ள ஊதுனது
எனக்கு எப்படிம்மா கேக்கும்?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.
முதலில் நினைத்தேனா,
வலை ஆடியதைப் பார்த்த பிறகு
நினைத்ததாக நினைத்துக்கொண்டேனா?
முதலில்தான். சத்தியமாக.
கிட்டத்தட்ட சத்தியமாக.
சாட்சி ஒரே ஆள்,
அவள் உதடுகளை அவளுக்கே உணர்ச்சியில்லை.

"அக்கா, லேஸ்."
இதழினி ஒரு காலை நீட்டி நின்றாள்.
இந்த வயது ஆட்டத்தில் இதுவும் நடுவர் வேலை.
மண்டியிட்டேன். பேன்ட் முட்டி நனைந்தது.
இறுக்கமா?
"இன்னும்."
இப்போ?
"அது கோல்தானே?"
இல்லை.
தலைக்கு மேலே மூச்சு புகையாகப் போனது.
பெரிய பதில் ஒன்று வரும் என்று
குனிந்தபடியே காத்திருந்தேன்.
"சரி, சீக்கிரம் கட்டு.
டைம் ஓடுது."